கோணமலைத் தூணும் ஒரு காதல் கதையும்



தலயாத்திரைக்குப் பெயர்போன ஊர்களுக்கு இருவகை மனிதர்கள் வருகிறார்கள். நேர்த்திக்கடனோடு வருபவர் ஒரு வகை. புகைப்படக் கருவியோடு வருபவர் மறுவகை. முன்னவரை யாத்திரிகர் என்கிறோம், பின்னவரை உல்லாசப் பயணி என்கிறோம். இருவரும் ஒரே பாதையால் நடந்து, ஒரே கல்லை மிதித்து, ஒரே கடலைப் பார்த்துத் திரும்புகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்டுச் செல்லும் கதைகள் வேறு வேறானவை. ஒரு தலத்தின் மரபுரிமை என்று நாம் பேசும்போது கோபுரத்தையும் மண்டபத்தையும் மாத்திரம் எண்ணிக்கொள்கிறோம். அந்தக் கற்களைப் பற்றி வருவோர்க்கு என்ன சொல்லப்படுகிறது என்பதும் மரபுரிமையின் ஒரு பகுதிதான். இதற்கு எடுத்துக்காட்டாகத் திருகோணமலையைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன்.

கோணேசர் கோயிலின் பழைமைக்குத் தமிழிலக்கியத்தில் நமக்குக் கிடைக்கும் உறுதியான சான்று திருஞானசம்பந்தரின் பதிகம். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நாயனார் ஈழநாட்டு மண்ணை மிதித்தவரல்லர். இராமேஸ்வரத்தில் நின்றபடி கடலுக்கு இப்பாலுள்ள திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நேரில் காணாத ஒரு தலத்தை அவர் பாடிய விதம் வியப்புக்குரியது. சந்தனமும் அகிலும் மணியும் வாரிக்கொண்டு வந்து கரையில் முத்தைக் கொழிக்கும் கடலை அவர் பாடுகிறார். கோயிலும் சுனையும் கடலும் ஒன்றாய்ச் சூழ்ந்த மலை என்கிறார். இன்றும் கோணமலையில் ஏறி நிற்பவர்க்கு இந்த வருணனை பொருந்தி வரும். கடல் கடந்து இராமேஸ்வரம் வரைக்கும் இத்தலத்தின் சித்திரம் அந்நாளிலேயே பரவியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை. பிற்காலத்தில் அருணகிரிநாதரும் இத்தலத்தைத் திருப்புகழில் பாடினார்.

பாடல் ஒருபுறமிருக்கக் கல்லும் பேசுகிறது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் கிடைத்த தமிழ்ச் சாசனமொன்று, இக்கோயில் இறைவனுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்ட செய்தியைத் தருகிறது. அதில் இத்தலம் கோணபர்வதம் என்றும் மச்சகேஸ்வரம் என்றும் குறிக்கப்படுகிறது. சோழராட்சிக் காலத்து எழுத்தமைதி கொண்டது அது என்பர். சகவருடம் 1145, அதாவது கி.பி. 1223ஐக் குறிக்கும் வடமொழிச் சாசனத் துண்டொன்று சோடகங்கன் என்பவனையும் கோகர்ணத்தையும் குறிப்பிடுகிறது. 250 வேலி என்பது சிறிய கொடையன்று. அவ்வளவு நிலத்தை ஆண்டு அனுபவித்த கோயில் நெல்லும் நெய்யும் பூவும் விளக்கும் ஊழியரும் கணக்கரும் கொண்ட ஒரு பெரிய நிறுவனமாக இருந்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்த நிறுவனத்தை இல்லாமற் செய்தவன் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. 1620களின் முற்பகுதியில் இது நிகழ்ந்தது. சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி நகர்வலம் சென்றிருந்த வேளையில் படையினர் கோயிலுக்குள் புகுந்தனர் என்று நம்மவர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். போர்த்துக்கேயர் பக்கத்துச் சாட்சியமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவிலிருந்து எழுதிய பெர்ணாவோ டி குவேறோஸ் பாதிரியார், மலையின் அடிவாரத்தே ஏறுமிடத்தில் ஒன்றும், இடைவழியில் ஒன்றும், உச்சியில் தலைமையானதுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்று குறித்திருக்கிறார். இந்தியாவின் எல்லாப் பாகத்திலிருந்தும் யாத்திரிகர் வந்து குழுமிய இடம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இடித்தவர்களின் பக்கத்தைச் சேர்ந்த எழுத்து என்பதால் இதற்குத் தனிப் பெறுமதி இருக்கிறது.

இடித்த கற்கள் எங்கே போயின? ஒரு பகுதி கடலுக்குள் போயிற்று. மறு பகுதி அந்த மலையின் கழுத்தை மறித்துக் கட்டப்பட்ட கோட்டைக்குள் போயிற்று. அந்தக் கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் கைவிட்டுப் போய் மீண்டும் வந்தனர். 1782இல் சில மாத இடைவெளியில் பிரித்தானியரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் அது கைமாறியது. 1795இல் பிரித்தானியர் நிரந்தரமாக எடுத்துக்கொண்டனர். அவர்களுடைய அரசகுமாரரான யோர்க் கோமகனின் நினைவாக 1803இல் அதற்குப் பிரெட்றிக் கோட்டை என்று பெயரிட்டனர். அந்தக் கோமகன் திருகோணமலையைக் கண்ணாலும் கண்டவரல்லர். சம்பந்தரும் கண்டவரல்லர் என்று நீங்கள் என்னை மடக்கலாம். ஆனால் அவர் மலையின் பெயரைச் சொல்லிப் பாடினார், இவருடைய பெயரோ மலையின் மீது ஏற்றிவைக்கப்பட்டது.

இன்று கோணேசர் கோயிலுக்குச் செல்லும் எவரும் இந்தக் கோட்டை வாயிலால்தான் நுழைய வேண்டும். அந்த வாயிற் கற்களில் இணைக்கயல் செதுக்கப்பட்டிருக்கிறது. பாண்டியரின் இலச்சினை அது என்று கொள்வர். அதனருகே சிதைந்த தமிழ்ச் சாசனமொன்று உண்டு. குளக்கோட்டன் முன்னாளில் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்ற கருத்தமைந்த தீர்க்கதரிசனப் பாடலின் துண்டம் அது. கோயிலை இடித்தவனே கோட்டை வாயிலில் அந்தக் கல்லை வைத்துக் கட்டியதால் அது நமக்கு எஞ்சியது என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. அப்பாடல் இடிப்புக்கு முன்னே பாடப்பட்டதா, எந்நூற்றாண்டு எழுத்து என்பதெல்லாம் அறிஞர்கள் வாதிட்டுவரும் விடயங்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்த வாயிலில் நான் நின்று பார்த்த வேளைகளில், வாகனங்கள் வரிசையாக உள்ளே போயின. பிள்ளைகள் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைத் தேடி யன்னலால் தலையை நீட்டினார்கள். அர்ச்சனைத் தட்டோடு போனவர்களும் போனார்கள், தொப்பியணிந்த வெளிநாட்டவரும் போனார்கள். கல்லை நிமிர்ந்து பார்த்தவர் எவருமில்லை. யாத்திரிகரும் உல்லாசப் பயணியும் ஒன்றுபடும் இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இனித் தூணுக்கு வருகிறேன்.

மலையுச்சியில் கடலைப் பார்த்து நின்ற கோயில் தூண் ஒன்றில் ஒல்லாந்தர் தமது மொழியில் ஓர் எழுத்தைப் பொறித்தார்கள். பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பெயரும், நினைவுக்காக என்ற செய்தியும், 1687 என்ற ஆண்டும் அதில் உண்டு. அவ்வளவுதான். அவள் எப்படி இறந்தாள் என்றோ, இறந்தாள் என்றோகூட அதில் இல்லை. ஆயினும் தூணைக் கண்டவர்களின் கற்பனை அதனோடு நிற்கவில்லை. 1840களில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது பெருநூலில் இக்கதையை எழுதிவைத்தார். ஒல்லாந்த உயர் உத்தியோகத்தர் ஒருவரின் மகள் இளம் அதிகாரி ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டாள். அவன் வாக்குத் தவறினான். சேவைக்காலம் முடிந்து அவன் ஏறிய கப்பல் மலையடிவாரத்தைக் கடந்தபோது அவள் பாறையிலிருந்து கடலில் குதித்தாள். தூண் அவளது நினைவுச் சின்னம். இதுதான் கதை. ஆங்கிலேயர் அந்த இடத்துக்குக் காதலர் பாய்ச்சல் என்ற பொருளில் ஒரு பெயரையும் வைத்துவிட்டார்கள். பயணக் கைநூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின. வழிகாட்டிகள் அதை ஒப்புவித்தார்கள். இன்றளவும் ஒப்புவிக்கிறார்கள்.

ஒல்லாந்தரின் சொந்தப் பதிவேடுகள் சொல்வது வேறு. பிரான்சினா பாறையிலிருந்து குதிக்கவில்லை. 1687இன் பின்னரும் உயிரோடிருந்து, நெதர்லாந்து திரும்பி, அங்கே முறைப்படி மணம் முடித்து வாழ்ந்தாள். அவளுடைய தந்தை ஹென்ட்ரிக் வான் ரீட் சாமானியர் அல்லர். கொச்சியில் ஆளுநராக இருந்தபோது மலையாள நாட்டு மூலிகைகளையும் மரஞ்செடிகளையும் பற்றிச் சுதேச வைத்தியர்களின் துணையோடு தகவல் திரட்டி, 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பன்னிரண்டு பாகப் பெருநூல் வெளிவரக் காரணமாயிருந்தவர். பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆணையாளராக இந்தப் பிரதேசங்களில் சுற்றிவந்தவர். அப்படிப்பட்டவரின் மகளை, அவள் வாழ்ந்துகொண்டிருந்தபோதே கடலில் தள்ளிவிட்டது ஒரு கதை.

இதில் இரண்டு அநீதிகள் நடந்திருக்கின்றன. ஒன்று அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது. மற்றையது தூணுக்கு நேர்ந்தது. கோணேசர் கோயில் மண்டபத்தைத் தாங்கி நின்ற தூணாக அது பேசவேண்டிய கதை வேறு. அதைச் செதுக்கிய சிற்பி, அதனடியில் சாய்ந்திருந்து இளைப்பாறிய யாத்திரிகர், அது தனித்துப்போன நாள், இவையெல்லாம் அதன் வரலாறு. வழிகாட்டியின் வாயில் அது நடக்காத ஒரு தற்கொலையின் சாட்சியாகிவிட்டது. 1620களில் கோயிலின் கற்கள் பறிபோயின. அதன் பின்னர் கற்களின் நினைவும் பறிபோனது. முன்னதற்குப் படை தேவைப்பட்டது. பின்னதற்கு ஒரு சுவையான கதை போதுமாயிருந்தது.

நமது பக்கத்திலும் கதைகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. அதே பாறையிலுள்ள பிளவை நாம் இராவணன் வெட்டு என்கிறோம். தாய்க்காக மலையைப் பெயர்க்க முனைந்த இராவணனின் வாள் பட்ட இடம் என்கிறோம். அந்தத் தாய்க்கு அவன் ஈமக்கடன் செய்த இடமாகக் கன்னியாயைச் சொல்கிறோம். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் உல்லாசப் பயணிக்கு ஒரு வேடிக்கையான குளிப்பிடம். திருகோணமலை மக்களுக்கோ தாய் தந்தையருக்கு அந்தியேட்டிக் கடன் கழிக்கும் இடம். இந்தக் கதைகளை வரலாறு என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் ஐதீகம் தன்னை ஐதீகம் என்று மறைக்காமல் சொல்லிக்கொள்கிறது. பத்துத் தலை இராவணன் வந்த ஆண்டை எவரும் கேட்பதில்லை. தவிரவும் அந்த ஐதீகத்தோடு ஒரு வழக்கமும் ஒட்டியிருக்கிறது. மகன் கிணற்று நீரை அள்ளித் தலையில் வார்க்கும்போது இராவணனை அல்ல, தன் தாயைத்தான் நினைக்கிறான். காதலர் பாய்ச்சலோ 1687 என்ற ஆண்டையும் ஒரு கல்வெட்டையும் காட்டி வரலாற்றின் வேடத்தில் வருகிறது. அதனால்தான் அதை இவ்வளவு விரிவாகச் சொல்லவேண்டியதாயிற்று.

அதேவேளை நம்மவரும் கவனமாக இருக்கவேண்டும். குளக்கோட்டன் எந்த நூற்றாண்டினன் என்பது இன்னும் ஆய்வுக்குரியது. கோணேசர் கல்வெட்டும் தட்சிண கைலாச புராணமும் தரும் செய்திகளை அப்படியே ஆண்டுக்கணக்காக மாற்றித் துண்டுப்பிரசுரங்களில் அச்சிடுவோர் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளை அள்ளி வீசுவதால் கோயிலின் பெருமை கூடிவிடாது. நிலாவெளிச் சாசனத்தின் 250 வேலியே போதிய பெருமை. ஆதாரமுள்ளதை ஆதாரத்தோடு சொல்லத் தெரியாதவர்கள், ஆதாரமற்றதைச் சொல்லும் மற்றவர்களைத் திருத்த முடியாது.

கோயில் இடிந்த பின்னர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்கு மேலாக மலையில் கட்டடம் இல்லை. ஆனாலும் வழிபாடு நிற்கவில்லை. காப்பாற்றப்பட்ட திருவுருவங்களுக்காகத் தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் ஆலயம் எழுந்தது என்பது மரபு. மலையிலோ, வெறும் பாறை விளிம்பில் நின்று பூசகர் கடலை நோக்கித் தீபம் காட்டிப் பூவும் பழமும் கடலில் இடுவார். டெனன்டும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கருவறையும் இல்லை, கதவும் இல்லை. கோட்டைக்குள் நுழைவதற்கோ அந்நியப் படையின் அனுமதி வேண்டும். அந்த நிலையிலும் ஊரார் தம் தலத்தை மறக்கவில்லை. பயணிகளின் புத்தகங்களில் ஓரிரு வரியாக மட்டும் இடம்பெற்ற அந்தப் பூசகர்களின் விடாப்பிடியே இத்தலத்தின் தொடர்ச்சியைக் காத்தது என்று நான் கருதுகிறேன்.

பின்னர் மண்ணும் கடலும் தம்மிடமிருந்ததைத் திருப்பித் தந்தன. 1950இல் நகரில், கோயிலிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் ஆகிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. இடிப்பின்போது எவரோ ஓடி ஓடிப் புதைத்தவை. புதைத்தவர் மீண்டும் வந்து எடுக்கவில்லை. என்ன காரணத்தால் வரவில்லை என்பதை நாம் ஊகிக்கலாம். 1956இல் கடல் தன் பங்கைக் காட்டியது. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு இலங்கைக்கு வந்திருந்த மைக் வில்சன் என்ற சுழியோடி, மலையடிவாரத்துக் கடலினுள் கோயிலின் தூண்களையும் செதுக்கற் கற்களையும் கண்டார். 1957இல் வெளிவந்த நூலொன்றில் கிளார்க் இதைப் பதிவு செய்திருக்கிறார். கடலிலிருந்து மீட்கப்பட்ட சிவலிங்கமும் பின்னர் கோயிலில் வழிபாட்டுக்கு வந்தது. 1963இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

மைக் வில்சனின் கதை இங்கே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லத் தக்கது. கடலுக்கடியில் படம் பிடிக்க வந்தவர் அவர். சிங்களத்தின் முதலாவது வர்ணத் திரைப்படமான 'ரன் முத்து தூவ'வை 1962இல் நெறியாண்டவரும் அவரே. பிற்காலத்தில் அவர் எல்லாவற்றையும் விட்டுத் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு வாழ்ந்தார். உல்லாசப் பயணி, யாத்திரிகர் என்று தொடக்கத்தில் நான் போட்ட கோடு அவ்வளவு உறுதியானதல்ல என்பதற்கு அவரே உதாரணம். ஆகவே புகைப்படக் கருவியோடு வருபவரை அலட்சியமாகப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு எதைக் காட்டுகிறோம், எதைச் சொல்கிறோம் என்பதே கேள்வி.

திருகோணமலைக்கு உல்லாசப் பயணம் புதியதல்ல. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறிய பின்னர், நிலாவெளிக் கடற்கரையை நாடி வெளிநாட்டவர் வரத் தொடங்கினர். 1983இன் பின்னர் யுத்தம் அந்தப் பாதையை மூடியது. 2002இன் போர்நிறுத்தத்தில் சற்றுத் திறந்து, 2004இன் ஆழிப்பேரலையால் அடிபட்டு, 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் மீண்டும் திறந்தது. இன்று தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக வருகிறார்கள். தமிழகத்திலிருந்து வருகிறார்கள். புலம்பெயர்ந்து போன நம்மவரின் பிள்ளைகள், தமிழ் எழுத்துத் தெரியாமல், பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பருவத்தில் நீலத்திமிங்கிலம் பார்க்க வருபவரும் உண்டு. கோயிலடிக்குச் செல்லும் வழியோரக் கடைகளில் பிழைப்பு நடத்தும் குடும்பங்களுக்கு இந்த வரத்து வேண்டும். அதை வேண்டாமென்று சொல்ல நான் யார்? கோட்டையின் பெரும்பகுதி இராணுவத்தின் வசமிருப்பது, தொல்பொருள் திணைக்களத்துக்கும் கோயிலடிக்குமிடையே எழும் பிணக்குகள் என்பவையெல்லாம் இங்கே இருக்கின்றன. அவற்றைத் தீர்க்கும் வல்லமை ஓர் இலக்கியத் தொடருக்கு இல்லை.

ஆனால் நம்மால் ஆகக்கூடியவையும் சில உண்டு. கோட்டை வாயிலிலுள்ள சாசனத்துக்கருகே அதன் வாசகமும் பொருளும் மும்மொழியிலும் பொறித்த ஒரு பலகை வேண்டும். பெரிய செலவல்ல. தூணின் கதையை, பிரான்சினா மணமுடித்து வாழ்ந்த செய்தியோடு, வழிகாட்டிகளுக்குக் கற்பிக்க வேண்டும். உண்மைக் கதை பொய்க்கதையைவிடச் சுவையில் குறைந்ததல்ல என்பதை மேலே கண்டோம். கடலினுள் கிடக்கும் கற்கள் சுழியோடிகளின் நினைவுப்பொருளாகிவிடாமல் காக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருகோணமலைப் பாடசாலை மாணவர் ஒருமுறையாவது அந்த வாயிலில் நின்று இணைக்கயலை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுள் ஒருவர் நாளைக்கு வழிகாட்டியாகலாம், ஒருவர் ஓட்டோ ஓட்டலாம், ஒருவர் திணைக்களத்தில் அதிகாரியாகலாம். எவராயினும் வரும் பயணிக்குச் சொல்ல அவரிடம் ஒரு செய்தி இருக்கும்.

நேயர்களே, அடுத்தமுறை கோணேசரைத் தரிசிக்கச் செல்லும்போது கோட்டை வாயிலில் வாகனத்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கி அந்தக் கல்லைப் பாருங்கள். எழுத்துச் சிதைந்திருப்பதால் வாசிக்கச் சிரமமாயிருக்கும். கூடவந்த பிள்ளை இது என்னவென்று கேட்டால், தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மேலே போய்ச் சுவாமியைக் கும்பிடலாம்.